குடும்பிமலை ஏற யோசிக்கிறம், போய் வந்த ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்க

கல்லடிப்பாலம்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஏழு பேர், அதுல ரெண்டு பேர் சித்தப்பாட பிள்ளையள், தங்கச்சிமார். மலைநாட்டில எல்லக்கு மூணு தரம் போயிட்டம், லிட்டில் அடம்ஸ் பீக்கில ஏறுற சனமும் இறங்குற சனமும் தேர்த் திருவிழா மாதிரி இடிபட்டுக்கொண்டு நிக்குது, மேல போய் ஒரு போட்டோ எடுக்கவும் வரிசை. போன மாசம் மழை விட்ட அடுத்த நாள் விடிய கல்லடிப் பாலத்தில நிண்டு மேற்கால பார்த்தா படுவான்கரைக்கு அங்கால நீலமா மலை தெரியுது, அப்பதான் யோசிச்சன், நான் பிறந்து வளர்ந்த மட்டக்களப்பு மாவட்டத்தில இரிக்கிற மலையில இன்னும் கால் வைக்கல்ல. குடும்பிமலைக்கு எப்ப போறது நல்லம், எந்த வழி, அனுமதி எடுக்கணுமா, தங்கச்சிமாரக் கூட்டிப் போகலாமா, எவ்வளவு தண்ணி கொண்டு போறது? தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்க.

மலைக்கிறுக்கன்

நல்ல முடிவு. முதல்ல பேரக் கவனமா வச்சுக்கொள்ளுங்க, கூகிள்ல குடும்பிகல எண்டு அடிச்சா பாணமைக்குக் கொண்டு போய் விட்டிரும். சிங்களத்தில தேடுறதெண்டா தொப்பிகல. எனக்கிட்ட நான் போன வழிட ஜிபிஎஸ் ட்ராக் இரிக்கு, கேட்டா தாறன்.

கிரான்சந்தி

தம்பி, நான் கிரான்தான், அந்தப் பக்கம் எங்கட மாமாக்கு மாட்டுப்பட்டி இரிக்கு, சின்ன வயசில இருந்து போய் வாறன், அதால கொஞ்சம் நீளமா எழுதுறன் கோவிக்காதீங்க.

வழி கிரான் சந்தியால மேற்கால திரும்பி புலிபாய்ந்தகல், தரவை எண்டு போகணும், இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. மார்கழி தையில யோசிக்கவே வேணாம், வெள்ளம் வந்தா கிரான் பாலத்துக்கு மேலால தண்ணி பாயும், சனமே தோணியிலயும் உழவு மெசினிலயும்தான் போய் வாறது, அந்த நேரம் நீங்க அங்கால போய் மாட்டுப்பட்டா மறுகா எத்தின நாளைக்குப் பிறகு வருவீங்க எண்டு சொல்ல ஏலா. மாசி நடுவில இருந்து சித்திரை வரைக்கும் நல்லம். குளங்களில தண்ணி இரிக்கும், காடு பச்சையா இரிக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கினா அது காத்து இல்ல, அடுப்பு வாய். ஒன்பது மணிக்கே கல்லு சுடும்.

மலையப் பத்தி. தூரத்தில பார்த்தா குடும்பி கட்டின தலை மாதிரித்தான் இரிக்கும், பேர் வச்ச ஆள் சும்மா வைக்கல்ல. வெள்ளைக்காரனுக்கு அதே உருவம் தொப்பியா தெரிஞ்சிரிக்கு, அவன் பரன்ஸ் கேப் எண்டு மேப்பில எழுதினான், சிங்களத்திலயும் தொப்பிக்கல்லுதான். நமக்குத்தான் குடும்பி. அடியில முள்ளும் பத்தையுமா காடு, வீரை பாலை உலுவிந்தை எல்லாம் நிக்கும், மேல போகப் போக வெறும் கல்லு, புல்லுப் பிடிக்கவும் இடமில்லாத இடம் இரிக்கு. மழை பேஞ்சு ஈரமெண்டா அதில கால் வைக்காதீங்க. ஏறுறது கஷ்டமில்ல, இறங்குறதுதான் கஷ்டம், ஏறக்க முன்னுக்கு இரிக்கிற கல்ல மட்டும்தான் பார்ப்பம், இறங்கக்க எல்லாம் தெரியும்.

அடிவாரத்தில ராணுவம் இரிக்கு. 2007 ஆடி மாசம் புலிகளிட்ட இருந்து அந்த மலையப் பிடிச்சதோடதான் கிழக்குச் சண்டை முடிஞ்சதெண்டு அறிவிச்சவங்க, அதால அந்த இடம் அவங்களுக்கும் ஒரு அடையாளம், நம்மட சனத்துக்கும் வேற மாதிரி ஒரு அடையாளம். போனா ஐடி கார்ட் காட்டி, எத்தின பேர், எப்ப இறங்குவம் எண்டு சொல்லிட்டு ஏறுங்க. அது நமக்கும் நல்லம், இறங்கி வரல்ல எண்டா தேடுறதுக்கு ஒரு ஆள் இரிக்கும்.

இப்ப முக்கியமான விசயம். அந்த ஊர் ஆள் ஒராள் இல்லாம ஏறாதீங்க. ட்ராக் இரிக்கு மேப் இரிக்கு எண்டு போகாதீங்க. நானே அங்க வளர்ந்த ஆள், நாலு வருசத்துக்கு முதல் கொழும்பில இருந்து வந்த ரெண்டு கூட்டாளிமாரக் கூட்டிக்கொண்டு எனக்குத் தெரியும்தானே எண்டு போனன். சுணங்கிப் போய் பத்து மணிக்குத்தான் ஏறத் தொடங்கினம். ஆளுக்கு ஒரு லீட்டர் தண்ணி. இறங்கி வாற நேரம் கூட்டாளிட சப்பாத்துச் சோல் அப்பிடியே கழண்டு தொங்குது, சூட்டில பசை இளகிட்டு, காட்டுக்கொடியால வரிஞ்சு கட்டிக்கொண்டு நடந்தம், அந்த அலுப்பில வந்த பாதைய விட்டு மாட்டுப்பாதை ஒண்டுக்குள்ள இறங்கிட்டம். காட்டுக்குள்ள மாட்டுப்பாதையும் ஆள் பாதையும் ஒரே மாதிரித்தான் கிடக்கும். தண்ணி முடிஞ்சு, நாக்கு ஒட்டி, ஒரு மணித்தியாலம் நடந்திருப்பம், மணிச்சத்தம் கேட்டுது. ஒரு பட்டிக்காரர், அறுபது வயசிருக்கும், சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு கையில கத்தியோட வாறார். எங்களக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கத்தால வந்தீங்க?" கையக் காட்டினம். மனிசன் ஒரு கிழமைக்கு முதல் அந்தப் பக்கம் பண்டிக்கு வச்ச கட்டுத்துவக்கக் கண்டவர், யாரும் எடுத்தாங்களோ இல்லயோ தெரியா எண்டு சொன்னார். முழங்கால் உசரத்துக்கு ஒரு கம்பி, அதுல கால் பட்டா துவக்கு வெடிக்கும், அவ்வளவுதான், வெயிலுக்குக் கண்ணுக்குத் தெரியவும் மாட்டா. கூட்டாளிக்கு அதக் கேட்ட பிறகு கால் எழும்பல்ல.

மறுகா அவர் முன்னுக்கு நடந்து எங்களக் கூட்டி வந்தார். ஒரு இடத்தில யானை லத்தி கிடந்துது, நாங்க தாண்டிப் போகப் பார்த்தம், அவர் குந்தி இருந்து புறங்கைய அதுல வச்சுப் பார்த்தார், மேல வெதுவெதுப்பு இரிக்கு எண்டார். பக்கத்தில முறிஞ்சு கிடந்த கொப்பு, இலை வாடல்ல. ஒண்டும் கதைக்கல்ல, கையால மட்டும் சைகை காட்டிட்டு எங்கள இடப்பக்கமா ஒரு அரை கிலோமீட்டர் சுத்திக் கூட்டிப் போனார். வாடியில வச்சு எருமைத்தயிரும் சீனியும் தந்தார், குடுத்த காச வாங்கல்ல.

அவர்ட அந்தப் புறங்கை ஜிபிஎஸ்ல இல்ல.

மலைக்கிறுக்கன்

கிரான்சந்தி அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் சரி, ஆனா நான் ஒண்டு கேக்கிறன். எல்லாரும் ஊர் ஆளப் பிடிங்க எண்டு சொன்னா ஊர் ஆள எங்க பிடிக்கிறது? அங்க யாரையும் தெரியாத ஒரு பொடியன் என்ன செய்வான்? போகாம விடுவான், இல்லாட்டி யோசிக்காமப் போய் மாட்டுப்படுவான். பாதையில நாலு இடத்தில அம்புக்குறி போட்டு, அடிவாரத்தில ஒரு பலகை வச்சு, இவ்வளவு நேரம் எடுக்கும், இவ்வளவு தண்ணி வேணும் எண்டு எழுதினா எத்தின பேர் பத்திரமாப் போய் வருவாங்க. எல்லயில சனம் கூடினதுக்குக் காரணம் மலை மட்டும் இல்ல, பாதை தெளிவா இரிக்கிறதும்தான். அந்த ரோட்டில இளநி விக்கிற ஆளில இருந்து ரூம் குடுக்கிற ஆள் வரைக்கும் உழைக்குது. குடும்பிமலைச் சனத்துக்கு அது வேணாமா?

படுவான்கரை அக்கா

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் படிப்பிக்கிறன். தங்கச்சிமாரக் கூட்டிப் போகலாமா எண்டு கேட்ட தம்பிக்கு முதல்ல பதில் சொல்றன். கூட்டிப் போங்க. நம்மட பக்கத்துப் பொம்பிளையள் நடக்காத காடா? ஆடி மாசம் கதிர்காமத்துக்கு நடக்கிற சனத்தில பாதிக்கு மேல பொம்பிளையள்தான் எண்டு எனக்குத் தோணும், அதுலயும் எழுவது வயசு அம்மாமார் தலையில பொட்டளியோட எங்களுக்கு முன்னால போவாங்க. நான் மூணு தரம் நடந்திருக்கன். உகந்தையில கும்பிட்டுட்டுக் காட்டுக்குள்ள இறங்கினா வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் எண்டு அஞ்சாறு நாள். நீங்க ட்ரெக்கிங் எண்டு சொல்றத நம்மட சனம் அரோகரா சொல்லிக்கொண்டு தலைமுறை தலைமுறையா நடக்குது.

அந்த நடையில நான் படிச்சது சில விசயம். வெள்ளண மூணு நாலு மணிக்கே எழும்பி ஆயத்தமாகி, வெளிச்சம் வந்ததோட நடந்து, பத்து மணிக்கெல்லாம் மர நிழலில உக்காந்திரணும். வெயில்ல நடக்கிறவன் பிந்தித்தான் போய்ச் சேருவான். புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீங்க, நான் முதல் தரம் அப்பிடிப் போய் ரெண்டாம் நாளே குதிக்கால் ரெண்டும் கொப்புளம், மிச்சம் முழுக்க ரப்பர் செருப்பிலதான் நடந்தன். பாலைப்பழக் காலம் அது, மரத்துக்குக் கீழ பழம் கொட்டிக் கிடக்கும், ஆசையா இரிக்கும், ஆனா அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும், அதால தனிய மரத்தடிக்குப் போகக்கூடா. பொம்பிளையளுக்கு இது முக்கியம், ஒதுங்கப் போறதெண்டாலும் மூணு பேராப் போங்க, கதைச்சுக்கொண்டு போங்க. கரடி சத்தம் கேட்டா தானா விலகும், திடீரெண்டு முன்னுக்குப் போய் நிண்டாத்தான் பாயும்.

முதல் தரம் மலை ஏறுற ஆக்களெண்டா குடும்பிமலைக்கு முதல் தாந்தாமலைக்குப் போய்ப் பாருங்க. முருகன் கோயிலடியில இருந்து கல்லில ஏறலாம், பெரிய உசரமில்ல, பழைய காலத்துக் கட்டடச் சிதைவும் கிடக்கு. ஆனா பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு அந்த ரோட்டில நிக்காதீங்க, யானை ரோட்டுக்கு வாற நேரம். எங்கட பள்ளிப் பிள்ளையள் விடிய வரக்க யானை நிக்கிதாம் எண்டு பாதி வழியில திரும்பிப் போற நாளும் இரிக்கு.

பொத்துவில் நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். குடும்பிகல, குடும்பிமலை குழப்பத்தப் பத்தி நானும் சொல்லணும், ஏனெண்டா ஒருக்கா மட்டக்களப்பில இருந்து வந்த ஒரு குடும்பம் அறுகம்பேயில நிண்டு என்னக் கேட்டாங்க தொப்பிகல எங்க இரிக்கி எண்டு, பாவம், அவங்க தேடின மலைய அவங்கட ஊருக்குப் பின்னால விட்டுட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல வந்து நிக்கிறாங்க.

எங்கட குடும்பிகல பாணமையில இருந்து உகந்தைக்குப் போற வழியில உள்ளுக்க இரிக்கி. அது பிக்குமார் தியானம் செய்ற ஆரணியம், கல்லுக்குகையள் நிறைய, ரெண்டாயிரம் வருசத்துக்கு மேற்பட்ட இடம். உச்சியில உருளை மாதிரி ஒரு தாதுகோபம், மத்த இடங்களில காணுற மாதிரி வட்டமா இரிக்காது. மேல நிண்டா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குமணக் காடு, நடுவுல களப்புகள் கண்ணாடித் துண்டு போட்ட மாதிரி. அங்க போறவங்க உடுப்ப ஒழுங்கா உடுத்துக்கொண்டு போங்க, சத்தம் போடாதீங்க, ஸ்பீக்கர் கொண்டு போய்ப் பாட்டுப் போடுற பொடியனுகள நான் கண்ணால கண்டிரிக்கன், சரியான வெக்கம். நாம பள்ளிவாசலுக்குள்ள அப்பிடிச் செய்வமா?

குமணக்குள்ள நடக்கலாமா எண்டும் சில பேர் கேக்கிறாங்க. ஏலா. அது தேசிய பூங்கா, 2006க்கு முதல் யால கிழக்கு எண்டு சொன்ன இடம், ஜீப்பிலதான் போகணும், இறங்க விட்ட இடத்தில மட்டும் இறங்கணும். பாதயாத்திரைக்குக் காடு திறக்கிற நாளையில மட்டும்தான் கால்நடை. எங்கட ஊர் முஸ்லிம் ஆக்களும் யாத்திரை வாற சனத்துக்குத் தண்ணியும் சாப்பாடும் குடுக்கிறது, என்ட வாப்பாவும் மோர் கரைச்சு வாளியோட ரோட்டோரம் நிண்டிரிக்கார்.

அக்கரைப்பற்று றைடர்

மோட்டசைக்கிள் ஆக்களுக்கு ஒண்டு சொல்றன். சியம்பலாண்டுவப் பக்கம் கோவிந்தஹெல, வெள்ளைக்காரன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே எண்டு பேர் வச்ச கல்லு. மொனராகலை மாவட்டம்தான், ஆனா நமக்குக் கிட்ட. 558 மீற்றர். கீழ காடு, மேல சுவர் மாதிரி நிக்கும், ஏணி இரிக்கி. தலைசுத்துற ஆக்கள் ஏணியடியில நிண்டிருங்க, அங்க இருந்து பார்த்தாலே போதும். குளவி இரிக்கி, செண்ட் பூசிக்கொண்டு போகாதீங்க.

கல்லடிப்பாலம்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்க எண்டு நினைக்கல்ல. கட்டுத்துவக்குக் கதைய வாசிச்சிட்டு அம்மாக்குச் சொன்னன், இப்ப அம்மா போகவே வேணாம் எண்டு நிக்கிறா. கண்ணிவெடியப் பத்தியும் கேக்கிறா.

கிரான்சந்தி

அம்மாக்குச் சொல்லுங்க, 2017 இல மட்டக்களப்பு மாவட்டத்தக் கண்ணிவெடி இல்லாத மாவட்டமா அறிவிச்சாச்சு. அதுக்காக பாதைய விட்டு உள்ளுக்க போகச் சொல்லல்ல, இரும்பா ஏதும் கிடந்தா காலால தட்டிப் பார்க்கவும் வேணாம். பாம்பும் பயம்தான், புடையன் சருகுக்குள்ள கிடந்தா சருகு மாதிரியே கிடக்கும், நீட்டுக் காற்சட்டை, மொத்த சொக்ஸ், கையில ஒரு தடி. கடிச்சா கட்டுப் போட்டு இறுக்கிறது, கீறி விடுறது, உறிஞ்சிறது ஒண்டும் வேணாம், ஆள நடக்க விடாமத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து 1990 நம்பரில அம்புலன்சுக்கு அடிக்கணும். சிக்னல் எந்த இடத்தில வரும் எண்டதும் ஊர் ஆளுக்குத்தான் தெரியும்.

மலைக்கிறுக்கன் தம்பி கேட்டதுக்கு வாறன். பலகை வேணாம் எண்டு நான் சொல்லல்ல. தண்ணி எவ்வளவு, எத்தின மணிக்கு ஏறணும் எண்டு எழுதி வைக்கிறது நல்ல வேலை. நான் பயப்பிடுறது அம்புக்குறிக்கு. மாசியில நீங்க எடுத்த ட்ராக் ஐப்பசியில ஆத்துக்குள்ள போகும். யானை வாற வழி குளத்துத் தண்ணி வத்துறதோட மாறும். மாதுறு ஓயாக் காடும் பக்கத்தில, அதுக்கு வேலி போட்டு யானைய நிப்பாட்ட ஏலா. அம்பு அதே இடத்தில நிக்கும். அத நம்பி ஒரு குடும்பம் சின்னப் பிள்ளையளோட போகும். மற்றது இது. அந்தப் பாதை யார் போட்டது? எந்த இலாகாவும் போடல்ல, மாட்டோட நடந்த மனிசர் போட்டது. அவங்களுக்கு மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே வருது, மயிலத்தமடு மாதவணை மேய்ச்சல் தரையில வெளி ஆக்கள் பயிர் செய்ற பிரச்சினை எல்லாருக்கும் தெரியும், மாட்ட வித்துட்டு மத்தியகிழக்குக்குப் போன பொடியனுகளும் இரிக்கு. இந்த நேரத்தில அவங்கட பாதைய நாம போனில ஏத்தி எல்லாருக்கும் சும்மா குடுத்தா, வாறவன் அவங்கட முகத்தையும் பார்க்காமப் போய் வருவான், பொலித்தீன மட்டும் விட்டுட்டு வருவான். ஒரு நாளைக்கு அவருக்கு ஒரு கூலி போய்ச் சேரட்டும் எண்டுதான் சொல்றன்.

படுவான்கரை அக்கா

பொலித்தீன் எண்டதும் எனக்கு மனசு கொதிக்குது. போன யாத்திரையில நாவலடிக்குக் கிட்ட ஒரு மான் யோகட் கப்ப வாயில வச்சுக்கொண்டு நிண்டத நானே கண்டன். அதுக்கு உப்பா இனிப்பா என்ன மணத்திச்சோ, விடாமச் சப்புது. நாங்க துரத்த அது கப்போட ஓடிட்டுது. கொடுக்கிறவங்க புண்ணியத்துக்குக் கொடுக்கிறாங்க, வாங்கின நாங்க கப்ப எங்க போடுறம்? இப்ப எங்கட குழுவில ஆளுக்கொரு சில்வர் கோப்பை கட்டிக்கொண்டுதான் போறது, மோரெண்டாலும் கஞ்சியெண்டாலும் அதுலதான். குடும்பிமலைக்குப் போற தம்பிமாரும் சோத்துப் பார்சல லஞ்சீற்றில கட்டாம வாழையிலையில கட்டுங்க.

மலைக்கிறுக்கன்

அண்ணே நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். ட்ராக் விசயத்தில நீங்க சொல்றத ஏத்துக்கொள்றன், நான் போனது ஒரே ஒரு நாள், அந்த ஒரு நாளத்தான் கோடாப் போட்டு வச்சிருக்கன். பொதுவில ஏத்த மாட்டன். ஆனா ஊர் ஆக்களத் தேடிப் பிடிக்கிறதுக்கு ஒரு வழி வேணும் எண்டதில நான் மாறல்ல. கிரான்ல உங்கள மாதிரி ஆக்கள் சேர்ந்து வழிகாட்டப் போற நாலஞ்சு பட்டிக்காரர்ட பேரச் சேர்த்து, கூலி இவ்வளவு எண்டு முன்னமே பேசி, கோயிலிலயோ சங்கத்திலயோ குடுத்து வச்சா என்ன? இல்லாட்டி நாளைக்கு வெளியூர்க் கம்பனி ஒண்டு வந்து அதையே செய்யும், பட்டிக்காரர் அதுலயும் வெளியிலதான் நிப்பார்.

தூரத்து மட்டக்களப்பான்

நான் 1990 இல ஊர விட்ட ஆள், இப்ப கனடா. சின்ன வயசில அப்பாவோட தரவைப் பக்கம் வயல் வெட்டுக்குப் போன நேரம், பொழுதுபட மலைக்குப் பின்னால சூரியன் போறத வரம்பில குந்தியிருந்து பார்த்திரிக்கன். மேல ஏற அப்பா விடல்ல, அடுத்த வருசம் எண்டார், அடுத்த வருசம் வரல்ல. தம்பி, நீங்க ஏறினா மேல இருந்து தரவைக்குளப் பக்கம் ஒரு போட்டோ எடுத்து இதில போட ஏலுமா?

கல்லடிப்பாலம்

கட்டாயம் போடுறன் அண்ணே.

கிரான்சந்தி

மலைக்கிறுக்கன், நீங்க சொன்னது சரி. ஞாயிறு கோயிலடியில நாலு பேரிட்டக் கதைக்கிறன். கூலிய நாங்க சொல்லக்கூடா, அவங்கதான் சொல்லணும்.

கல்லடிப்பாலம், உங்கட விசயத்த மாமாட்டக் கேட்டன். மாமாட கூட்டாளி ஒராள் வருவார். ஒரு சிக்கல் இரிக்கு, விடிய பால் கறந்து சேகரிக்கிற வண்டிக்குக் குடுத்துட்டுத்தான் அவருக்கு அசைய ஏலும், அதுக்கு எட்டு மணியாகும், எட்டு மணிக்கு வெளிக்கிட்டா நீங்க கல்லில நிக்கக்க வெயில் உச்சி. அதுக்கு அவரே வழி சொல்லிட்டார். மூத்த மகள் அண்டைக்கு மட்டும் வந்து பால் கறப்பாவாம், அப்ப அவர் அஞ்சரைக்கு வருவார். அந்தப் பிள்ளைக்கும் ஒரு அரை நாள் கூலி நினைச்சுக்கொள்ளுங்க, அவர் கேக்க மாட்டார், நான் சொல்றன்.

ஆளுக்கு மூணு லீட்டர் தண்ணி, அவருக்கும் சேர்த்து எட்டுப் பேர் கணக்கு. சாப்பாடும் எட்டு. வெத்திலை பாக்கு கொஞ்சம் வாங்கி வாங்க. முதல் நாள் இரவு எங்கட வீட்டில தங்கலாம், தங்கச்சிமாருக்கு உள்ளறை இரிக்கு, அம்மாவ எனக்கு ஒருக்கா அடிக்கச் சொல்லுங்க, நான் கதைக்கிறன்.

கல்லடிப்பாலம்

அம்மா உங்கட அம்மாவோட கதைக்கணுமாம்.